நரம்புக்கலங்களின் பயணமும் பசைக்கலங்களின் துணையும்

கருவுற்று மூன்று வாரம் நிறைந்த மனித முளையத்தில் மூளை என்று சொல்லத்தக்க உறுப்பு எதுவும் இல்லை. முதுகுப்புறத்தே சற்றுத் தடித்த ஒரு தகடு மட்டுமே காணப்படும். நான்காம் வாரத்தில் அத்தகட்டின் இரு விளிம்புகளும் உயர்ந்து, உட்புறமாக மடிந்து, ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குழாயாகின்றன. அக்குழாயின் முன்பகுதி மூளையாகவும் பின்பகுதி முண்ணாணாகவும் பின்னர் விருத்தியடையும். குழாயின் உட்குடைவு மூளையறைகளாக எஞ்சும்.

வளர்ந்தோர் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள என 2009 ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை, தாம் பின்னர்த் தொழில் செய்யும் இடத்திற் பிறந்தவை அல்ல என்பதே வியத்தற்குரியது. பெருமூளையின் மேற்பட்டையில் அமர்ந்து காட்சி, கேள்வி, நினைவு முதலியவற்றுக்கு ஆதாரமாகும் கலங்களுட் பெரும்பகுதி மூளையறையின் சுவரோரத்தே தோன்றியவை. அங்கிருந்து மேற்பட்டை வரை அவை இடம்பெயர்ந்தே வருதல் வேண்டும். நரம்புக்கலம் ஒன்றின் தொழில் அது எவற்றோடு தொடர்பு கொள்கின்றது என்பதைப் பொறுத்தது. தொடர்போ அது எங்கே அமர்கின்றது என்பதைப் பொறுத்தது. ஆகவே, உரிய இடத்தை அடையாத நரம்புக்கலம் எத்துணைச் சிறந்ததாயினும் உரிய பயனைத் தராது.

கண்ணும் காலும் இல்லாத நுண்ணிய கலமொன்று, தான் முன்பு அறியாத இடத்தை நோக்கி வழிதவறாது செல்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள், நெடுங்காலம் ஒரு பொருட்டாக மதிக்கப்படாதிருந்த வேறோர் இனக் கலத்தை எதிர்கொண்டனர். அதுவே பசைக்கலம். இவ்விரு வகைக் கலங்களுக்கும் இடையேயுள்ள உறவு எத்தகையது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பசை என்னும் பெயர்

1856 ஆம் ஆண்டில் ஜேர்மானிய நோயியலறிஞரான ருடோல்ப் விர்ச்சோ, மூளையில் நரம்புக்கலங்களுக்கு இடையே நிறைந்துள்ள பொருளுக்கு 'நியூரோகிளையா' எனப் பெயரிட்டார். 'கிளையா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். நரம்புக்கலங்களை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பதே அப்பொருளின் தொழில் என்று அவர் கருதினார். பெயர் நிலைத்தது, பெயரோடு கூடவே அக்கருத்தும் நிலைத்துவிட்டது. சுவருக்குக் கல்லே முதன்மையானது, சாந்து கல்லைப் பிணைப்பதற்கே என்று எண்ணுமாப்போலப் பசைக்கலங்களைப் பலரும் எண்ணினர். அவை நரம்புக்கலங்களிலும் பத்து மடங்கு மிகுதியானவை என்றொரு கூற்றும் நூல்களில் நெடுங்காலம் வழங்கிற்று. மேற்கூறிய 2009 ஆம் ஆண்டுக் கணக்கோ, நரம்புக்கலம் அல்லாத கலங்கள் யாவும் சேர்ந்தும் ஏறத்தாழ 8,500 கோடியே என்று காட்டிற்று. இரு சாராரும் தொகையில் ஏறக்குறைய ஒத்தவரே.

1873 ஆம் ஆண்டில் இத்தாலியரான கமில்லோ கொல்கி, பொற்றாசியம் இருகுரோமேற்றினாலும் வெள்ளி நைத்திரேற்றினாலும் மூளை இழையத்தைச் சாயமூட்டும் முறையொன்றைக் கண்டார். இம்முறையிற் கலங்கள் யாவும் சாயம் ஏற்பதில்லை. நூற்றுள் ஒரு சில மட்டுமே தம் கிளைகள் அனைத்தும் தெரியக் கறுத்து நிற்கும். அடர்ந்த காட்டிலே ஒரு மரத்தை மட்டும் வேரோடும் கிளையோடும் தனித்துக் காட்டுவது போன்றது இது. இம்முறையைக் கையாண்டோர், சிசுவின் மூளையில் மூளையறைச் சுவரிலிருந்து வெளிப்புற மேற்பரப்பு வரை நீண்டு செல்லும் நார்களையுடைய கலங்களைக் கண்டனர். சக்கரத்தின் குடத்திலிருந்து வட்டை வரை செல்லும் ஆரக்கால்களைப் போல அவை அமைந்திருந்தன. 1888 ஆம் ஆண்டில் இத்தாலியரான மஜீனி என்பார், அந்நார்களின் நெடுகிலும் மணிகளைப் போன்ற வீக்கங்கள் இருத்தலையுங் குறித்தார். அவை யாவை என்பது அக்காலத்தில் உறுதியாகவில்லை. ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ கஹாலும் இக்கலங்களை அழகுற வரைந்தார். கொல்கியும் அவரும் 1906 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எனினும், மஜீனி கண்ட மணிகளின் பொருள் விளங்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன.

பிறப்பிடமும் சேருமிடமும்

நரம்புக்கலம் எப்போது பிறந்தது, எங்கே சென்று சேர்ந்தது என்பதை அறிவதற்கு அதன்மீது ஓர் அடையாளம் இடல் வேண்டும். அவ்வடையாளத்தைக் கதிர்த்தொழிற்பாடு வழங்கிற்று. கலம் பிரியும் முன் தன் டீ.என்.ஏ.யை இரட்டிக்கும்போது தைமிடீன் என்னும் பொருளை உள்ளே எடுத்துக்கொள்ளும். கதிர்வீசும் ஐதரசன் சேர்ந்த தைமிடீனைச் சினைச் சுண்டெலிக்கு ஒரு குறித்த நாளில் ஏற்றினால், அந்நாளில் இறுதியாகப் பிரிந்த கலங்கள் அக்குறியைத் தம்மகத்தே நிலையாகத் தாங்கும். குட்டி பிறந்தபின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி ஒளிப்படக் குழம்பிலே தோய்த்து வைத்தால், குறியுள்ள கலங்களின்மீது கரும்புள்ளிகள் தோன்றும்.

இம்முறையினால் அஞ்செவினும் றிச்சாட் சிட்மனும் 1961 ஆம் ஆண்டில் எதிர்பாராத ஒரு முடிபை வெளியிட்டனர். பெருமூளை மேற்பட்டையில் ஆறு படைகள் உள. அவற்றுள் ஆழத்திலுள்ள படைகளின் கலங்களே முந்திப் பிறந்தவை. மேலே செல்லச் செல்லப் பிந்திப் பிறந்தவை. எனவே பின்னர்ப் பிறந்த ஒவ்வொரு கலமும், தனக்கு முன்னே வந்து அமர்ந்த கலங்களின் ஊடாகப் புகுந்து, அவற்றைக் கடந்து, அவற்றுக்கு மேலே சென்று அமர்கின்றது. மாடிவீட்டிலே கீழ்த்தளத்திற் குடியேறியோரைக் கடந்து, பின் வந்தோர் மேற்றளங்களுக்கு ஏறுவது போன்றதே இது. ஆனால் இவ்வீட்டிற்குப் படிக்கட்டு யாது?

வழி புலனாயிற்று

இவ்வினாவுக்கு விடை கண்டவர் யூகோசிலாவியாவிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் ஆராய்ச்சி நிகழ்த்திய பாஸ்கோ ராக்கிச் ஆவர். அவர் றீசசுக் குரங்கின் சிசு மூளையை ஒளி நுணுக்குக்காட்டியாலும் இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் ஆராய்ந்தார். ஒன்றையடுத்து ஒன்றாக எடுக்கப்பட்ட மிக மெல்லிய சீவல்களைப் பொருத்திப் பார்த்து, நகரும் கலத்தின் முழு வடிவையும் அதன் அயலையும் மீளக் கட்டினார். 1971 இற் சிறுமூளை பற்றியும் 1972 இற் பெருமூளை பற்றியும் அவர்தம் முடிபுகள் வெளிவந்தன.

இடம்பெயரும் நரம்புக்கலம் ஒவ்வொன்றும் ஒரு பசைக்கலத்தின் நெடிய நாரை இறுக அணைத்துக்கொண்டிருந்தது. அதன் முன்முனை அந்நாரைச் சுற்றிப் பற்றியிருந்தது. அதன் உடல் நாரோடு ஒட்டியிருந்தது. மூளையறைச் சுவரிலிருந்து மேற்பரப்பு வரை நீண்டு கிடந்த நாரே நரம்புக்கலத்தின் வழி என்பது புலனாயிற்று. மஜீனி கண்ட மணிகள் அவ்வழியே ஏறிக்கொண்டிருந்த கலங்களே எனக் கொள்ளுதல் பொருந்தும். இந்நெடுநார்க் கலங்களை 'ஆரைப் பசைக்கலங்கள்' எனலாம்.

சிறுமூளையில் இப்பயணம் எதிர்த்திசையில் நிகழும். அங்கே மணிக்கலங்கள் எனப்படும் மிகச் சிறிய நரம்புக்கலங்கள் வெளி மேற்பரப்பிலே பெருகி, பின்னர் உள்ளே இறங்குகின்றன. 8,600 கோடி நரம்புக்கலங்களுள் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் உள்ளவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மணிக்கலங்களே. இவை இறங்குவதற்கு உதவுவன பேர்க்மன் கலங்கள் என்னும் பசைக்கலங்களின் நார்கள். இறங்கும் மணிக்கலம் தன் நெடுநாரை மேற்படையில் இருபுறமும் விரித்து விட்டு, உடலை மட்டும் கீழே கொண்டு செல்கின்றது. கயிற்றின் தலைப்பை மேலே கட்டிவிட்டுக் கிணற்றில் இறங்குவோனை ஒத்தது அதன் செயல்.

நகரும் முறை

மடிந்த இழையத்தின் சீவல் ஒரு கணத்தின் படமேயன்றி இயக்கத்தைக் காட்டாது. இயக்கத்தைக் காண்பதற்கு உயிருள்ள கலங்கள் வேண்டும். மேரி ஹற்றன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், சுண்டெலிக் குட்டிகளின் சிறுமூளையிலிருந்து மணிக்கலங்களையும் பசைக்கலங்களையும் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டிலே வளர்த்தார். தட்டிலும் அவை ஒன்றையொன்று கண்டு கூடின. மணிக்கலங்கள் பசைக்கலத்தின் நாரைப் பற்றி ஊர்ந்தன. 1987 இல் எட்மன்சனும் ஹற்றனும் அவ்வூர்வைத் தொடர்படமாக எடுத்து அளந்தனர்.

கலம் ஒரே சீராக வழுக்கிச் செல்வதில்லை. சிறிது நகரும், நிற்கும், மறுபடி நகரும். அதன் வேகம் சராசரியாக மணிக்கு 30 மைக்ரோன் அளவினது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோன் ஆகலின், ஒரு மில்லிமீற்றரைக் கடக்க ஒரு நாளுக்கு மேற் செல்லும். முன்னே நீண்ட முனை நாரைத் துழாவிப் பற்றுகின்றது. பின்னர், கலத்தினுள்ளே நுண்குழாய்களை ஒழுங்குபடுத்தும் மையத்தி என்னும் சிற்றுறுப்பு முன்னேறுகின்றது. அதன்பின் கலத்தின் கரு அதனை நோக்கி இழுக்கப்படுகின்றது. அதேவேளையிற் கலத்தின் உடலுக்கும் நாருக்கும் இடையே ஒட்டு ஒன்று உண்டாகி, கலைந்து, மீண்டும் உண்டாகின்றது. பற்றுதலும் விடுதலும் முறையாக மாறிமாறி நிகழ்தலே நகர்வு. பற்றாவிடின் கலம் வழியை இழக்கும்; விடாவிடின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இப்பற்றுதலுக்கு ஆதாரமான புரதங்களுட் சில அறியப்பட்டுள்ளன. நரம்புக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள அஸ்ட்ரோதக்றின் என்பது ஒன்று. இதனைப் பிறபொருளெதிரிகளால் மறைத்தாற் கலம் நாரைப் பற்றுதல் குன்றும். இதற்குரிய பரம்பரையலகு 1996 இல் விவரிக்கப்பட்டது. பெருமூளையிற் கொனெக்சின் என்னும் புரதங்களும் இத்தொழிலைச் செய்கின்றன. அவை பொதுவாக இரு கலங்களுக்கு இடையே அயன்கள் செல்லும் வாய்க்கால்களாகப் பயன்படுவன. ஆயினும் இங்கே வாய்க்காலாகவன்றி ஒட்டாகவே அவை வேண்டப்படுகின்றன என 2007 இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. விர்ச்சோ சொன்ன பசை என்னும் சொல் இவ்வளவில் முற்றும் பொய்யன்று. ஆனால் இப்பசை கலத்தை ஓரிடத்தே நிறுத்துதற்கு அன்று, அதனை நடத்துதற்கே உதவுகின்றது.

வழியை ஆக்கும் வழிச்செல்வோன்

இதுகாறும் கூறியவற்றால், பசைக்கலம் ஓர் அசையாப் பொருள் என்றும் நரம்புக்கலமே செயலுடையது என்றும் ஒருவர் எண்ணக்கூடும். ஹற்றன் 1985 இல் வெளியிட்ட பரிசோதனை அவ்வெண்ணத்தை மாற்றிற்று. பசைக்கலங்களைத் தனியே வளர்த்தபோது அவை தட்டையாகப் பரந்து, பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டேயிருந்தன. நீண்ட நார் எதனையும் அவை விடவில்லை. அவற்றிடையே மணிக்கலங்களைச் சேர்த்தவுடன், பெருக்கம் குறைந்தது. தட்டையான கலங்கள் உருமாறி நெடிய நார்களை விட்டன. மணிக்கலம் வந்து தீண்டியதன் பின்னரே அதற்கு உதவும் நார் உண்டாயிற்று.

இவ்விளைவு எத்தூதின் வாயிலாக நிகழ்கின்றது என்பதும் ஓரளவு தெளிவாகியுள்ளது. நரம்புக்கலம் நியூரெகுலின் என்னும் புரதத்தை வெளிப்படுத்துகின்றது. பசைக்கலத்தின் மேற்பரப்பில் அதனை ஏற்கும் வாங்கிகள் உள. அவ்வாங்கிகள் தொழிற்படாவிடின் நார் செவ்வனே நீளாது. நார் நீளாவிடின் நரம்புக்கலம் செல்லாது என்பதை 1997 ஆம் ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே வழி ஒருபுறமும் வழிச்செல்வோன் மறுபுறமுமாக இவர்களைப் பிரித்தல் பொருந்தாது. செல்பவனே தன் வழியை உருவாக்குகின்றான். வழியே செல்பவனைத் தாங்குகின்றது.

வீவர் எலியின் வழக்கு

இவ்வுண்மையை மறந்தாற் காரணகாரியத் தொடர்பைத் தலைகீழாகக் கொள்ள நேரும் என்பதற்கு வீவர் எலியின் வரலாறு தக்க சான்றாகும். வீவர் என்பது தள்ளாடி நடக்கும் ஓரினச் சுண்டெலி. பரம்பரைக் குறைபாட்டினால் அதன் சிறுமூளை மிகச் சிறுத்திருக்கும். மணிக்கலங்கள் உள்ளே இறங்காமல், பிறந்த இடத்திலேயே பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன.

1973 இல் ராக்கிச்சும் சிட்மனும் இவ்வெலியின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, பேர்க்மன் கலங்களின் நார்கள் சிதைந்தும் ஒழுங்கற்றும் இருத்தலைக் கண்டனர். வழி பழுதாயின் வழிச்செல்வோன் செல்லமாட்டான்; ஆகவே குறை பசைக்கலத்தினது என்று கருத நியாயம் இருந்தது. இக்கருத்தை ஏலாதோரும் இருந்தனர். 1982 இல், இயல்பான கலங்களும் வீவர் கலங்களும் கலந்த உடலையுடைய எலிகளை ஆராய்ந்த கோல்டோவிற்சும் மலனும், பரம்பரையலகின் குறை மணிக்கலத்திலேயே தொழிற்படுகின்றது எனச் சான்று காட்டினர்.

1986 இல் ஹற்றனும் அவர்தம் துணைவரும் கண்ணாடித் தட்டிலே இவ்வழக்கை நேராகவே விசாரித்தனர். வீவர் எலியின் மணிக்கலங்களை இயல்பான எலியின் பசைக்கலங்களோடு சேர்த்தனர். நல்ல வழி இருந்தும் அம்மணிக்கலங்கள் அதனைப் பற்றவில்லை, நகரவுமில்லை. பின்னர், இயல்பான மணிக்கலங்களை வீவர் எலியின் பசைக்கலங்களோடு சேர்த்தனர். அவை பற்றின, நகர்ந்தன. சிதைந்தவை எனப் பழி சுமந்த பசைக்கலங்கள், நல்ல மணிக்கலங்களைச் சேர்ந்தபோது நல்ல வழியாயின. குறை வழியினது அன்று, வழிச்செல்வோனுடையதே என்பது இதனால் வலியுறுத்தப்பட்டது. 1995 இல் அக்குறையின் மூலமும் கண்டறியப்பட்டது. பொற்றாசிய அயன்களுக்கு மட்டும் இடங்கொடுக்கவேண்டிய ஒரு மென்சவ்வு வாயிலில், கிளைசீன் என்னும் ஓர் அமினோவமிலம் இருக்கவேண்டிய இடத்திற் செரீன் என்னும் வேறோர் அமினோவமிலம் அமர்ந்திருந்தது. ஓரெழுத்துப் பிழை சொல்லைக் கெடுப்பது போல இச்சிறு மாற்றம் கலத்தைக் கெடுத்தது.

1973 இற் கண்ட காட்சி பொய்யன்று என்பதை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். நார்கள் உண்மையாகவே சிதைந்திருந்தன. ஆனால் அச்சிதைவு காரணமோ விளைவோ என்பதைக் காட்சி ஒன்றினாலே துணிதல் இயலாது. இரண்டையும் பிரித்து, மாற்றிச் சேர்த்துப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

ஏணியே தாய்

பசைக்கலத்தைப் பற்றிய மிகப் பெரிய திருத்தம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. நரம்புக்கலங்களைப் பெறும் கலங்கள் வேறு, அவற்றுக்கு வழிகாட்டும் ஆரைப் பசைக்கலங்கள் வேறு என்றே அதுவரை பெரும்பாலோர் கருதி வந்தனர். 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் மலத்தெஸ்தா, கெட்ஸ் முதலியோர் ஆரைப் பசைக்கலங்களைப் பிரித்தெடுத்து வளர்த்தபோது, அவற்றிலிருந்து நரம்புக்கலங்கள் தோன்றின. 2001 இல் அமெரிக்காவில் நொக்ரர், கிறீக்ஸ்ரைன் முதலியோர் எலிச் சிசுவின் மூளையில் ஒரு தனி ஆரைப் பசைக்கலத்தைப் பச்சையாக ஒளிரும் புரதத்தினால் அடையாளமிட்டு, உயிருள்ள இழையத்திலேயே அதனைத் தொடர்ந்து நோக்கினர். அக்கலம் பிரிந்தது. பிரிந்து தோன்றிய சேய் ஒரு நரம்புக்கலமாகி, தன்னைப் பெற்ற கலத்தின் நாரையே பற்றி மேலே ஏறிற்று.

ஏணி எனக் கருதப்பட்டது உண்மையில் தாயே. அது பிரியும்போதுங்கூடத் தன் நெடுநாரை முழுதும் உள்ளிழுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு சேய் பிறக்கும்போது முன்பிறந்த சேய் நாரின்மீது ஏறிக்கொண்டிருத்தலும் கூடும். ஒரு தாயின் வழியே ஏறிய சேய்கள் மேற்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ ஒரே நிரலில் அமர்கின்றன. மேற்பட்டை இத்தகைய நிரல்களால் ஆயது என 1988 இல் ராக்கிச் கூறிய கொள்கைக்கு இக்கண்டுபிடிப்பு வலுவூட்டிற்று. இறுதியில், நரம்புக்கலங்கள் யாவும் சென்று சேர்ந்தபின், ஆரைப் பசைக்கலங்களுட் பல தம் நெடுநாரைக் களைந்து, உடுவைப் போன்ற வடிவுடைய உடுக்கலங்களாக மாறி, அந்நரம்புக்கலங்களிடையே தங்கிவிடுகின்றன.

வேறு வழிகள்

எல்லா நரம்புக்கலங்களும் இவ்வாரை வழியையே மேற்கொள்கின்றன என எண்ணுதல் தவறு. பெருமூளையிற் கிளர்ச்சியை அடக்கும் சிறு நரம்புக்கலங்களுட் பல, மூளையின் அடிப்புறத்தே பிறந்து, பக்கவாட்டாக நெடுந்தூரம் சென்று மேற்பட்டையை அடைகின்றன என்பது 1997 அளவிலே சுண்டெலியில் நிறுவப்பட்டது. அவை ஆரை நார்களைக் குறுக்கே கடந்து செல்வன.

வளர்ந்த எலியின் மூளையிலும் ஒரு பயணம் ஓயாது நிகழ்கின்றது. மூளையறைச் சுவரிற் பிறக்கும் இளம் நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலிபோல் மணநுகர்ச்சிக்குரிய பகுதியை நோக்கிச் செல்கின்றன. உடுக்கலங்கள் இருபுறமும் சூழ்ந்து குகைவழி போல அமைகின்றன. அவ்விளங் கலங்கள் ஸ்லிற் என்னும் புரதத்தைச் சுரந்து, உடுக்கலங்களின் கிளைகளை விலகச் செய்து, தம் வழியைத் திறக்கின்றன என 2010 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர். இங்கும் செல்பவரே வழியைச் செப்பஞ் செய்கின்றனர்.

பயணம் தடைப்படின்

இவையாவும் எலியையும் குரங்கையும் பற்றிய செய்திகளாய் ஒழிவன அல்ல. மனிதச் சிசுவிற் பெருமூளைக் கலங்களின் இடப்பெயர்ச்சி கருவுற்ற இரண்டாம் மாதத்தின் இறுதியளவில் விரைவடைந்து, ஆறாம் மாதம் அளவும் பெரிதும் நிகழ்கின்றது. அக்காலத்தில் நேரும் தடை வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை.

மூளையின் மேற்பரப்பு மடிப்புக்களின்றி மழமழப்பாய் அமையும் ஒரு நோய் உண்டு. அத்தகைய குழந்தைகள் கடும் வலிப்பினாலும் அறிவு வளர்ச்சிக் குறைவினாலும் துன்புறுவர். அந்நோய்க்குரிய பரம்பரையலகுகளுள் லிஸ் 1 என்பது 1993 இலும் டபிள்கோட்டின் என்பது 1998 இலும் அறியப்பட்டன. இவையிரண்டும் கலத்தினுள்ளேயுள்ள நுண்குழாய்களோடு தொடர்புற்றவை. கருவை முன்னே இழுக்கும் செயல் குன்றுதலாற் கலம் பாதிவழியில் நின்றுவிடுகின்றது. வேறு சிலரில் நரம்புக்கலங்கள் புறப்பட்ட இடத்திலேயே, மூளையறையின் ஓரமாக, முடிச்சுக்களாகத் தங்கிவிடும். இவர்களுட் பலர் இயல்பான அறிவோடு வளர்ந்து, இளமையில் வலிப்பு நோய்க்கு ஆளாகின்றனர்.

புறத்தேயிருந்து வரும் கேடுகளும் உள. 1945 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தபோது தாய் வயிற்றிலிருந்த குழந்தைகள் பின்னர் ஆராயப்பட்டனர். கடும் அறிவு வளர்ச்சிக் குறைவு, கருவுற்று 8 முதல் 15 வாரங்களுக்கு இடையிற் கதிர்வீச்சுக்கு உள்ளானோரிலேயே மிக்கிருந்தது என்பதை 1984 இல் ஒட்டாக்கேயும் ஷல்லும் எடுத்துக்காட்டினர். நரம்புக்கலங்கள் பெருகிப் புறப்படும் காலமும் அதுவே. 2015 இற் பிரேசில் நாட்டின் வடகிழக்கிற் சிறுத்த தலையோடு குழந்தைகள் பல பிறந்தன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே இன நுளம்பு பரப்பிய சீக்கா வைரசு அதற்குக் காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. அவ்வைரசு சிசுவின் மூளையிற் சிறப்பாகத் தாக்குவது ஆரைப் பசைக்கலங்களையே. தாய்க்கலம் அழியும்போது பிறக்கவேண்டிய நரம்புக்கலங்களும் இல்லையாகின்றன. முன் பிறந்தவற்றுக்கு வழியும் இல்லையாகின்றது. தாயும் வழியும் ஒன்றே என்னும் உண்மையின் துயர் மிகுந்த முகம் இது.

முடிவுரை

பசை என்று பெயரிடப்பட்ட கலம், முதலில் வழியாகவும், பின்னர்ச் செல்பவனால் உருவாக்கப்படுவதாகவும், இறுதியிற் செல்பவனைப் பெற்ற தாயாகவும் அறியப்பட்டது. 1856 முதல் 2001 வரை சென்ற 145 ஆண்டுகளிற் கலம் மாறவில்லை. அதனை நோக்கிய கண்ணே மாறிற்று. ஒன்றுக்குச் சூட்டிய பெயர் அதனைப் பற்றிய ஆராய்ச்சியை எத்துணைக் காலம் தடுத்து வைக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

உரிய இடத்தை அடையாத கலத்தைக் கண்டபோது, வழியைக் குறைகூறுவதும் எளிது. வழிச்செல்வோனைக் குறைகூறுவதும் எளிது. இரண்டும் ஒன்றையொன்று ஆக்குவன என்பதை அறிந்து, இரண்டையும் சோதித்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை. வீவர் எலியின் சிறுமூளையில் மெய்யாகிய இவ்விதி, கல்வித்துறையில் இருப்போர் தம் தொழிலிலும் மனங்கொள்ளத் தக்கதாகும்.